இயற்கணிதக் கோவையும் சமன்பாடும் எழுத, மதிப்பிட மாணவருக்குக் கற்றுக்கொடுப்பது எப்படி

இயற்கணிதத்தில் ஒரு மாணவர் தடுமாறினால், சிக்கல் பெரும்பாலும் "தீர்க்க" என்று கேட்கும் வரியில் இருப்பதில்லை. அதற்கு வெகு முன்பே, அந்த எழுத்து எதற்காக அங்கே நிற்கிறது என்பதில் தொடங்கியிருக்கும். 3ம + 5 என்ற கோவையைப் பார்த்ததும், இது ஓர் எண், எவ்வளவு என்று இன்னும் சொல்லவில்லை, அவ்வளவுதான் என்று தோன்ற வேண்டும். அப்படித் தோன்றாதவர் விதிகளை மனப்பாடம் செய்து ஓட்டுவார். ஒரு விதி மறந்துபோனால் கணக்கு அங்கேயே நின்றுவிடும்.

அதனால் கீழே உள்ள எல்லாமே ஒரு பழக்கத்தைச் சுற்றித்தான் வருகிறது: எழுதுவதற்கு முன் எண்ணை வைத்துச் செய்து பார்ப்பது, எழுதிய பின் எண்ணைப் போட்டுச் சரிபார்ப்பது. மாறிகளுக்கு இங்கே ம, ப, த ஆகிய எழுத்துகளை எடுத்துக்கொண்டிருக்கிறோம். பாடப்புத்தகத்தில் ஆங்கில எழுத்துகள் இருக்கும், கணக்கு ஒன்றுதான். எக்ஸ் எழுதும்போது மட்டும் அது பெருக்கல் குறிபோலத் தெரியாமல் வளைத்து எழுதப் பழக்கிவிடுங்கள். தன் கையெழுத்தையே தவறாகப் படித்து மதிப்பெண் இழப்பவர்கள் நிறையப் பேர்.

முதலில் சமக்குறி

எழுத்தைத் தொடுவதற்கு முன் இந்த ஒரு வரியைக் கொடுங்கள்:

8 + 4 = □ + 5

கட்டத்தில் 12 என்று எழுதினால், சமக்குறியை அவர் "விடை இதோ" என்ற அறிவிப்பாகப் படிக்கிறார். 17 என்று எழுதினால், கண்ணில் பட்ட எண்களையெல்லாம் கூட்டிவிட்டார். சரியான விடை 7. ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர்கூட இதில் சறுக்குவது சகஜம். இதுவரை அவர் செய்த கணக்குகளில் பெரும்பாலும் இடப்பக்கம் கேள்வியும் வலப்பக்கம் விடையுமே இருந்திருக்கும் என்பதுதான் காரணம்.

இதைச் சரிசெய்யச் சில நிமிடப் பயிற்சி போதும். "சரியா, தவறா?" என்று கேட்டு இப்படிச் சில வரிகள் கொடுங்கள்: 7 = 3 + 4. 9 = 9. 6 + 2 = 2 + 6. 10 − 3 = 5 + 2. 4 × 3 = 12 + 1. முதல் இரண்டையும் "தவறு, தலைகீழாக இருக்கிறது" என்று சொல்லும் மாணவர்கள் உண்டு. இரண்டு பக்கமும் தனித்தனியே எவ்வளவு என்று கணக்கிட்டு, ஒரே அளவா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

கூடவே இன்னொரு பழக்கத்தையும் இங்கேயே நிறுத்திவிடுங்கள்: 5 + 3 = 8 × 2 = 16 − 1 = 15 என்று ஓடும் வரி. விடை சரி, எழுதியது பொய். 5 + 3 எப்படி 16 − 1 ஆகும்? எண் கணக்கில் இது பெரிய தீங்கு செய்வதில்லை. சமன்பாட்டுக்கு வந்ததும் 3ம + 5 = 20 = 3ம = 15 = ம = 5 என்று ஒரே சங்கிலியாகி, எது எதற்குச் சமம் என்றே தெரியாமல் போகும். ஒரு வரியில் ஒரு சமக்குறி, அடுத்த வரியில் அடுத்தது, சமக்குறிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக. இதை முதல் நாளிலிருந்தே கண்டிப்பாக வைத்துக்கொள்வது நல்லது.

எழுத்து பொருளைக் குறிப்பதில்லை

"ஒரு பெட்டியில் சில பென்சில்கள் இருக்கின்றன. அப்படி 3 பெட்டிகள். வெளியே 5 பென்சில்கள்" என்ற கணக்கில் ப என்பது பென்சில் என்று மாணவர் எடுத்துக்கொண்டால், 3ப என்பது அவருக்கு "3 பென்சில்" ஆகிவிடும். பிறகு 3ப + 5 எழுதச் சொன்னால் "மொத்தம் 8 பென்சில், அதாவது 8ப" என்பார். ஆப்பிளையும் ஆரஞ்சையும் வைத்துச் சொல்லிக்கொடுக்கும் முறை பல ஆண்டுகளாக இருக்கிறது. ஒத்த உறுப்புகளை, அதாவது 2ம, 3ம போன்றவற்றை, கூட்ட அன்றைக்கு அது உதவும், அதன் பிறகு ஒவ்வொரு வாக்கியக் கணக்கிலும் காலை வாரும். அதைத் தவிர்த்துவிடுவதே மேல்.

மாற்றாக, எந்தக் கணக்கிலும் முதல் வரி ஓர் அறிவிப்பாக இருக்கட்டும்:

ம = ஒரு பெட்டியில் உள்ள பென்சில்களின் எண்ணிக்கை

"ம = பென்சில்" என்று எழுதினால் ஏற்காதீர்கள். "ம = பெட்டி" என்றாலும் ஏற்காதீர்கள். எண்ணிக்கை, நீளம் (செ.மீ.), வயது (ஆண்டுகளில்), நேரம் (நிமிடங்களில்) என்று அளக்கக்கூடிய ஒன்றாகவே அந்த வரி முடிய வேண்டும். தொடக்கத்தில் பொருளின் முதல் எழுத்தை மாறியாக எடுக்க விடாமல், வேண்டுமென்றே சம்பந்தமில்லாத எழுத்தைக் கொடுப்பது நல்ல உத்தி. இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் தெரியாத எண்களுக்கு நிறங்களின் பெயர்களிலிருந்து முதல் எழுத்தை எடுத்தார்: கருப்புக்குக் கா, நீலத்துக்கு நீ. கணக்கில் வரும் பொருளுக்கும் அந்த நிறத்துக்கும் எந்த உறவும் இல்லை. குழப்பம் வர வழியே இல்லை.

இந்தக் கட்டத்தில் இரண்டு தவறுகளை எதிர்பார்த்திருங்கள். ஒன்று, 3ம-இல் ம = 4 என்று கொடுத்தால் 34 என்று எழுதுவது. எண்களை அடுத்தடுத்து எழுதினால் பத்து, ஒன்று என்று படித்துப் பழகியவர் அவர். இயற்கணிதத்தில் அடுத்தடுத்து எழுதினால் பெருக்கல் என்று யாராவது வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். முதல் சில நாள்கள் 3 × ம என்றே எழுதவிட்டு, பிறகு குறியை விடச் சொல்லலாம். மற்றொன்று, ம + 5 என்பதை "முடிக்காத விடை" என்று நினைத்து 5ம என்று ஒட்டிவிடுவது. அதற்கு, ம + 5 என்பதே முழு விடை என்று ஏற்றுக்கொள்ளப் பழக்க வேண்டும். "உன் வயதை விட 5 கூடுதலான எண் எது? என் வயதை விட? யாரென்றே சொல்லாத ஒருவரின் வயதை விட?" என்று மூன்று கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். மூன்றாவதற்கு ம + 5 தவிர வேறு விடையே கிடையாது என்பது அவருக்கே விளங்கும்.

கணக்கிடாமல் எழுதும் அட்டவணை

சொல்லைக் கோவையாக்கச் சிறந்த வழி இதுதான். ஒரு தொட்டியில் முதலிலேயே 40 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. நிமிடத்துக்கு 6 லிட்டர் வீதம் நிரம்புகிறது. த நிமிடங்களுக்குப் பிறகு எவ்வளவு?

நேராக த-வுக்குத் தாவினால் 46த, 6த, 40த + 6 என்று ஏதாவது வரும். முதலில் எண்களை வைத்து எழுத வையுங்கள். விடையைக் கணக்கிட மட்டும் விடாதீர்கள்.

1 நிமிடம்: 40 + 6 × 1
2 நிமிடம்: 40 + 6 × 2
3 நிமிடம்: 40 + 6 × 3
7 நிமிடம்: 40 + 6 × 7

46, 52, 58, 82 என்று எழுதிவிட்டால் வடிவம் மறைந்துவிடும். அதனால்தான் கணக்கிடக் கூடாது. இப்போது கேளுங்கள்: எல்லா வரியிலும் மாறாமல் இருப்பது எது? மாறுவது எது? மாறும் எண்ணின்கீழ் கோடு போடச் சொல்லுங்கள். கோடு போட்ட இடத்தில் த-வை வைத்தால் 40 + 6 × த, அதாவது 40 + 6த. மாறி, மாறிலி, கெழு என்ற சொற்களை இந்த இடத்தில் அறிமுகப்படுத்தினால் அவை தானாகவே பொருந்தும்: த மாறுகிறது, 40 மாறவில்லை, 6 த-வைப் பெருக்கி நிற்கிறது.

அட்டவணையில் 1, 2, 3-க்குப் பிறகு 7-க்குத் தாவியது காரணத்தோடுதான். வரிசையாகவே போனால் "முந்தைய விடையோடு 6 கூட்டு" என்ற வழியிலேயே மாணவர் நின்றுவிடுவார். தாவினால் நிமிடத்துக்கும் லிட்டருக்கும் நேரடித் தொடர்பைத் தேடியாக வேண்டும்.

இந்த முறையில் ஒரு வாரம் போகட்டும். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு கணக்குகள் போதும். இருபது கணக்கை அவசரமாகச் செய்வதை விட நான்கை அட்டவணையோடு செய்வது பலன் தரும்.

வாக்கியத்தைக் கடைசிச் சொல்லிலிருந்து படிப்பது

பாடப்புத்தக வாக்கியங்களில் எண்கள் வரும் வரிசையிலேயே எழுதிவிடுவது பெரிய பொறி. "5-ஐ ஓர் எண்ணிலிருந்து கழிக்க" என்றால் 5 − ம என்று எழுதுவார்கள். சரியானது ம − 5. "ஓர் எண்ணால் 12-ஐ வகுக்க" என்றால் ம/12 என்பார்கள், சரியானது 12/ம. இங்கே எண்ணின் இடத்தைப் பார்க்கக் கூடாது, உருபைப் பார்க்க வேண்டும். "இலிருந்து" எதில் ஒட்டியிருக்கிறதோ அது முதலில் வரும். "ஆல்" எதில் ஒட்டியிருக்கிறதோ அது பின்னத்தின் பகுதியில், அதாவது கோட்டுக்குக் கீழே, போகும்.

அடைப்புக்குறி எங்கே வேண்டும் என்பதையும் நம் வாக்கிய அமைப்பே சொல்லிவிடுகிறது. பெரும்பாலும் கடைசியில் வரும் சொல்தான் கடைசியாகச் செய்ய வேண்டிய செயல்.

"ஓர் எண், 4 ஆகியவற்றின் கூடுதலின் மூன்று மடங்கு" என்பதில் கடைசிச் சொல் மடங்கு. பெருக்கல் கடைசியில் நடக்கிறது, எனவே கூட்டல் முன்பே முடிந்திருக்க வேண்டும்: 3(ம + 4). "ஓர் எண்ணின் மூன்று மடங்கு, 4 ஆகியவற்றின் கூடுதல்" என்பதில் கடைசிச் சொல் கூடுதல்: 3ம + 4. ம = 5 போட்டால் முதலாவது 27, இரண்டாவது 19. "வர்க்கங்களின் கூடுதல்", "கூடுதலின் வர்க்கம்" என்ற இணையையும் இதே வழியில் பிரிக்கலாம். 3, 4 என்ற எண்களுக்கு முதலாவது 9 + 16 = 25, இரண்டாவது 7² = 49.

ஆனால் சொல்லைப் பார்த்துச் செயலை முடிவு செய்யும் குறுக்குவழியை, அதாவது "அதிகம் என்றால் கூட்டு, குறைவு என்றால் கழி" என்பதை, கற்றுக்கொடுக்காதீர்கள். "அக்காவின் வயது 12. அது தம்பியின் வயதை விட 5 அதிகம்" என்ற கணக்கில் "அதிகம்" இருப்பதால் 12 + 5 = 17 என்று போட்டுத் தம்பியை மூத்தவனாக்கிவிடுவார்கள். தம்பியின் வயது ம என்று வைத்து, வாக்கியத்தை உள்ளபடி எழுதினால் ம + 5 = 12. கூட்டல் குறி இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அது தம்பியின் பக்கம்.

இதே குடும்பத்தைச் சேர்ந்தது தலைகீழ்ச் சமன்பாடு. "ஒவ்வோர் ஆசிரியருக்கும் 6 மாணவர்கள். மாணவர் எண்ணிக்கை ப, ஆசிரியர் எண்ணிக்கை த. சமன்பாடு எழுதுக." நிறையப் பேர் 6ப = த என்று எழுதுவார்கள். கல்லூரியில் பொறியியல் படிப்பவர்கள்கூட இந்த வகைக் கணக்கில் தவறுவது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது, ஆகவே உங்கள் மாணவரைக் கோபிக்க வேண்டாம். "6 மாணவருக்கு 1 ஆசிரியர்" என்று எழுத்தைச் சொல்லின் சுருக்கமாகப் படிப்பதுதான் காரணம். இதற்கும் மருந்து, முன்பு பார்த்த அட்டவணைதான்: த = 1 என்றால் ப = 6; த = 2 என்றால் ப = 12; த = 5 என்றால் ப = 30. இப்போது 6ப = த-வில் த = 2, ப = 12 போட்டால் 72 = 2. பொய். ப = 6த-வில் போட்டால் 12 = 12. எண்ணிக்கை குறைவாக உள்ள பக்கத்தைத்தான் பெருக்கிச் சமமாக்க வேண்டும் என்பது இரண்டு, மூன்று கணக்குக்குப் பிறகு மாணவருக்கே பிடிபடும்.

மதிப்பிடுதல்: எழுத்தை எடு, அடைப்புக்குறியைப் போடு

பிரதியிடுவதற்கு ஒரே விதி: எழுத்து இருந்த இடத்தில் முதலில் வெற்று அடைப்புக்குறி, பிறகு அதற்குள் எண். மிகை எண்ணாக இருந்தாலும் இதையே செய்யப் பழக்குங்கள். குறை எண் வரும்போது மட்டும் நினைவு வைத்துக்கொள்ளச் சொன்னால் மறந்துவிடுவார்கள்.

2ம² − 3ம + 5 என்ற கோவையை ம = −3 எனும்போது மதிப்பிடுவோம்.

2( )² − 3( ) + 5
2(−3)² − 3(−3) + 5
2(9) + 9 + 5
18 + 9 + 5
32

இந்த ஒரு கணக்கை நல்ல சோதனைக் கருவியாக வைத்துக்கொள்ளலாம். தவறான விடையைப் பார்த்தே தவறு எங்கே என்று சொல்லிவிட முடியும்:

50 வந்தால், 2-ஐயும் சேர்த்து வர்க்கப்படுத்தியிருக்கிறார், (−6)² = 36. அடுக்கு தனக்கு ஒட்டியிருக்கும் ம-வுக்கு மட்டுமே, கெழுவுக்கு இல்லை.
−4 வந்தால், அடைப்புக்குறி இல்லாமல் −3² என்று எழுதி −9 எடுத்திருக்கிறார்.
2 வந்தால், வர்க்கத்தை இரண்டு மடங்கு என்று எடுத்திருக்கிறார், 2 × (−6) = −12.
14 வந்தால், −3 × −3 என்பதை −9 என்று போட்டிருக்கிறார்.
17 வந்தால், −3(−3) என்பதை −3 − 3 என்று கழித்தலாகப் படித்திருக்கிறார்.

"தவறு, மறுபடி செய்" என்று சொல்வதற்கு மாறாக, எந்த வரியில் எது நடந்தது என்று கை வைத்துக் காட்டினால் அடுத்த கணக்கில் வித்தியாசம் தெரியும். அதற்காகத்தான் வரி வரியாக எழுதச் சொல்வது. மனக்கணக்காகப் போட்டால் தவறைப் பிடிக்க முடியாது.

ம = −3 எடுத்ததற்குப் பதிலாக ம = 2 எடுத்திருந்தால் வர்க்கத் தவறு வெளியே வந்திருக்காது, ஏனென்றால் 2² = 4, 2 × 2 = 4, 2 + 2 = 4. சோதனைக்கு எண் தேர்ந்தெடுக்கும்போது 0, 1, 2 மூன்றையும் ஒதுக்கிவிடுங்கள். 0 போட்டால் உறுப்புகளே காணாமல் போகும். 1 போட்டால் பெருக்கலும் அடுக்கும் எந்த மாற்றமும் செய்யாது. 3, 5, 7 நல்லவை. குறை எண் ஒன்றும் கட்டாயம் வேண்டும்.

செயல்களின் வரிசையில் இரண்டு இடங்களில்தான் அதிகம் சறுக்குவார்கள். 12 − 5 + 3 என்பதற்கு 4 என்று சொல்வார்கள், செயல்வரிசையை நினைவில் வைக்க உதவும் BODMAS என்ற சூத்திரச் சொல்லில் கூட்டல் கழித்தலுக்கு முன்னால் வருவதால். கூட்டலும் கழித்தலும் ஒரே நிலை, இடமிருந்து வலம், விடை 10. பெருக்கலும் வகுத்தலும் அப்படியே: 24 ÷ 4 × 2 = 12, 3 அல்ல. இரண்டாவது இடம் பின்னக் கோடு. அந்தக் கோடு மேலேயும் கீழேயும் கண்ணுக்குத் தெரியாத அடைப்புக்குறி. (ம + 6)/3-இல் ம = 3 என்றால் விடை 3. ஒரே வரியில் 3 + 6 ÷ 3 என்று எழுதினால் 5 வந்துவிடும்.

கணிப்பானை நம்பிச் சரிபார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சாதாரணக் கணிப்பான்கள் பலவற்றில் 2 + 3 × 4 அழுத்தினால், அழுத்திய வரிசையிலேயே செய்து 20 காட்டும். அறிவியல் கணிப்பான் 14 காட்டும். எக்செல்லில் ஒரு கட்டத்தில் சமக்குறி போட்டு −3^2 என்று கொடுத்தால் 9 வரும், 0−3^2 என்று கொடுத்தால் −9 வரும். அங்கே முன்னால் நிற்கும் குறைக்குறி அடுக்குக்கு முன்பே எடுத்துக்கொள்ளப்படுகிறது. கணிதத்தில் −3² என்றால் −9தான். 6 ÷ 2ம என்று ஒரே வரியில் எழுதியதையும் கருவிக்குக் கருவி வேறு மாதிரி எடுத்துக்கொள்ளும். அப்படி எழுதவே விடாமல், பின்னமாக மேலும் கீழும் எழுத வைப்பதுதான் வழி.

சுருக்கியது சரியா என்று மாணவரே பார்க்கட்டும்

ஒத்த உறுப்புகளைச் சேர்ப்பதில் நீங்கள் நீதிபதியாக இருக்கத் தேவையில்லை. 3ம + 4-ஐ 7ம என்று எழுதினாரா? ம = 5 போடச் சொல்லுங்கள்: ஒன்று 19, மற்றது 35. 5ம − ம = 5 என்கிறாரா? ம = 3 போட்டால் 15 − 3 = 12, ஆகவே 5 ஆக முடியாது; 4ம ஆகும். 2(ம + 3) = 2ம + 3 என்றாரா? ம = 5 போட்டால் 16, 13. −(ம − 4) என்பதை −ம − 4 என்று பிரித்தாரா? ம = 10 போட்டால் முதலாவது −6, இரண்டாவது −14. ஓர் எண்ணுக்குப் பொருந்தவில்லை என்றால் தவறு உறுதி. ஓர் எண்ணுக்குப் பொருந்திவிட்டது என்பதால் மட்டும் சரி என்று ஆகிவிடாது என்பதையும் சொல்லி, இரண்டாவதாக வேறோர் எண்ணையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சமன்பாடு: ஒரே அளவை இரண்டு விதமாகச் சொல்வது

கோவையை மதிப்பிடலாம், தீர்க்க முடியாது. சமன்பாடு ஒரு கூற்று. பெரும்பாலும் ஏதோ ஓர் எண்ணுக்கு உண்மை, மற்றவற்றுக்குப் பொய். இந்த வேறுபாடு புரியாதவர், "3ம + 6-ஐச் சுருக்குக" என்ற கேள்விக்கு = 0 என்று தாமே சேர்த்து ம = −2 என்று முடிப்பார்.

சமன்பாடு எழுதுவதற்கு, கணக்கில் எந்த அளவை இரண்டு வழிகளில் சொல்ல முடியும் என்று தேட வேண்டும். முன்பு பார்த்த தொட்டியில் 40 லிட்டர், நிமிடத்துக்கு 6 லிட்டர் ஏறுகிறது. பக்கத்துத் தொட்டியில் 100 லிட்டர், நிமிடத்துக்கு 4 லிட்டர் இறங்குகிறது. எப்போது இரண்டிலும் ஒரே அளவு இருக்கும்? இரு தொட்டிகளுக்கும் கோவை எழுதினால் 40 + 6த, 100 − 4த. "ஒரே அளவு" என்ற சொல்தான் சமக்குறி:

40 + 6த = 100 − 4த

தீர்ப்பதற்கு முன் ஊகிக்க விடுங்கள். த = 0 என்றால் 40, 100. த = 5 என்றால் 70, 80. த = 7 என்றால் 82, 72, தாண்டிவிட்டது. த = 6 என்றால் 76, 76. தீர்வு என்றால் என்ன என்பது இப்போது கண்முன் இருக்கிறது: இரு பக்கமும் ஒத்துப்போகும் எண். அதன் பிறகு முறைப்படி:

40 + 6த + 4த = 100 − 4த + 4த
40 + 10த = 100
10த = 60
த = 6

"அந்தப் பக்கம் போனால் குறி மாறும்" என்ற வாசகத்தைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடாதீர்கள். கூட்டல், கழித்தலில் அது வேலை செய்யும். 3ம = 12-க்கு வந்ததும் அதே வாசகத்தைப் பிடித்துக்கொண்டு ம = 12 − 3 என்றோ, ம = 12/−3 என்றோ எழுதுவார்கள். இரு பக்கமும் ஒரே செயலைச் செய்கிறோம் என்று, மேலே காட்டியதுபோலச் செயலை இரு பக்கமும் வெளிப்படையாக எழுதும் வழக்கம் சில வாரங்கள் இருக்கட்டும். கை பழகியபின் அவர்களே வரியைச் சுருக்கிக்கொள்வார்கள். தராசை வைத்து விளக்குவது இதற்கு உதவும், ஆனால் ம + 8 = 3 போன்ற கணக்கு வந்ததும் தராசில் −5 கிலோவை எங்கே வைப்பது என்ற கேள்வி எழும்; அங்கே அதை விட்டுவிடுங்கள்.

மாறி இரு பக்கமும் இருந்தால், கெழு சிறியதாக உள்ள பக்கத்திலிருந்து நீக்குவது குறைக்குறித் தொல்லையைத் தவிர்க்கும். 5ம − 7 = 2ம + 11 என்றால் இரு பக்கமும் 2ம-ஐக் கழித்து 3ம − 7 = 11, பிறகு 3ம = 18, ம = 6. சரிபார்த்தால் 23 = 23.

சரிபார்க்கும்போது விடையைச் சமன்பாட்டில் மட்டும் போட்டுப் பார்த்தால் போதாது. சமன்பாடே தவறாக இருந்தால் அந்தச் சோதனையில் தேறிவிடும். கணக்கின் சொற்களுக்குத் திரும்பிப் போக வேண்டும். "ஒரு செவ்வகத்தின் நீளம், அகலத்தின் இரு மடங்கை விட 3 செ.மீ. அதிகம். சுற்றளவு 36 செ.மீ." அகலம் ம, நீளம் 2ம + 3. அவசரப்படுபவர் ம + 2ம + 3 = 36 என்று எழுதி, அகலம் 11, நீளம் 25 என்பார். 11 + 25 = 36, சமன்பாட்டுக்குப் பொருந்துகிறது! படம் வரைந்து நான்கு பக்கங்களையும் கூட்டச் சொன்னால் 72 வரும், குட்டு உடையும். சரியான சமன்பாடு 2(ம + 2ம + 3) = 36; அகலம் 5 செ.மீ., நீளம் 13 செ.மீ.

வயதுக் கணக்கில் வழக்கமான ஓட்டை வேறு. "தந்தையின் வயது மகனின் வயதைப் போல 3 மடங்கு. 12 ஆண்டுகள் கழித்து 2 மடங்காக இருக்கும்." தந்தைக்கு மட்டும் 12-ஐக் கூட்டி 3ம + 12 = 2ம என்று எழுதினால் ம = −12. குறை எண்ணில் வயது வந்தாலே விடையை அழிக்காமல் சமன்பாட்டுக்குத் திரும்பச் சொல்லுங்கள். 12 ஆண்டுகள் இருவருக்கும்தான் கழியும்: 3ம + 12 = 2(ம + 12), ம = 12, தந்தைக்கு 36. பிறகு 48, 24. இத்தகைய கணக்குகளுக்கு "இப்போது", "பிறகு" என்று இரு நெடுவரிசையும் ஒவ்வொருவருக்கும் ஒரு வரியுமாகச் சின்னக் கட்டம் வரைந்தால் எந்த இடம் காலியாக இருக்கிறது என்பது உடனே தெரியும்.

ம + 3 = ம + 5 போன்றவை எதற்கும் பொருந்தாது, 2(ம + 1) = 2ம + 2 எல்லாவற்றுக்கும் பொருந்தும். இவை பின்னால் வரட்டும். இப்போதைக்குச் சில எண்களைப் போட்டுப் பார்த்துவிட்டு நகரலாம்.

கடைசியாகத் திசையைத் திருப்புங்கள். 4ம + 10 = 50 என்று சமன்பாட்டை மட்டும் கொடுத்து, அதற்குப் பொருத்தமான கணக்கை மாணவரே எழுத வேண்டும். "4 பெட்டிகளில் பென்சில்கள், வெளியே 10, மொத்தம் 50" என்று எழுதினால் போதாது, நான்கு பெட்டிகளிலும் சம எண்ணிக்கை என்று சொல்லவில்லையே என்று கேளுங்கள். அதைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள். அடுத்து 4(ம + 10) = 60 கொடுத்து, முந்தைய கதையில் எதை மாற்ற வேண்டும் என்று யோசிக்கவிடுங்கள்: வெளியே இருந்த 10 இப்போது ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் போக வேண்டும். அதன்பின் 50 − 4ம = 10. இங்கே பெட்டியில் வைத்துச் சொல்வது சற்றுச் சிரமம், கதையையே மாற்ற வேண்டியிருக்கும், அவசரப்படுத்தாமல் காத்திருங்கள்.